ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்து

முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் ஜுருபாசாவாக வேலை பார்த்தவள் நான். தமிழில் சொன்னதை மலாயில் சொல்ல வேண்டும், மலாயில் கேட்டதைத் தமிழில் கேட்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கூண்டில் நிற்கிறவன் கெட்ட வார்த்தை சொன்னால் அதையும் மாஜிஸ்திரேட்டுக்கு அப்படியே கொடுக்க வேண்டும். ஒருமுறை ஒருவன், "லேசா தட்டினேன்" என்றான். வக்கீல் என்னை முந்திக்கொண்டு, அடித்ததாக மலாயில் சொல்லிவிட்டார். நான் விடவில்லை. "மன்னிக்கணும், அடிச்சேன்னு அவர் சொல்லல, தட்டினேன்னுதான் சொன்னாரு" என்று எழுந்து நின்றேன். அந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் வாதம் நடந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. என் சொந்த அண்ணனுக்கு ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்தேன். இன்னொரு நாள் அவர் சொன்னதில் ஒரு சொல்லைத் தெரிந்தே விழுங்கினேன். ரெண்டே ரெண்டு சொல். அவருடைய பேச்சே போய்விட்டது.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிள்ளானில், மேரு பக்கம் வீடு. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டியவர். நாள் முழுக்கத் தனியாக ஓட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசிப் பழகிய வாய் அது. ஓய்வு பெற்ற பிறகும் மூடவில்லை. பாசாரில் மீன்காரனிடம் பேசுவார், சிக்னலில் பக்கத்துக் காரோட்டியிடம் பேசுவார், டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் "அப்படியா சங்கதி?" என்று கேட்பார். அண்ணிக்கும் அவருக்கும் பிள்ளைகள் இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலேறி கிள்ளானுக்குப் போவேன். வாசல் கேட்டைத் தொடுவதற்குள் உள்ளேயிருந்து "பாப்பா வந்துட்டியா?" என்று சத்தம் வரும். அறுபது வயதுக் கிழவியை பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரு ஆள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாப்பா, நெஞ்சுக்குள்ள என்னமோ மீன் துள்ளுற மாதிரி இருக்கு" என்றார். அண்ணி, "காத்துதான்லா, நேத்து பருப்பு சாப்பிட்டாருல்ல" என்றார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். ரெண்டு துடிப்பு சேர்ந்து வந்தது, பிறகு ஒன்றைக் காணோம், பிறகு நாலு ஓடி வந்தது. எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் அது காத்து இல்லை என்று தெரிந்தது. மறுநாளே அரசாங்க கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அண்ணனுக்குக் கடைத்தெரு மலாய் நன்றாக வரும். டாக்டர் பேசுகிற மலாய் பிடிபடாது. "நீ கூட வந்தா எனக்கு தைரியம்" என்றார். எனக்கும் பெருமைதான். கோர்ட்டில் வக்கீலையே திருத்தியவள் கூட இருக்கும்போது இவருக்கென்ன குறை?

நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு அந்த இளம் மலாய் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நானும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் ரத்தம் அங்கே தேங்குகிறது. தேங்கினால் உறையும். உறைந்த கட்டி ஒன்று கிளம்பி மூளைக்குப் போனால் ஸ்ட்ரோக். கை கால் போகலாம், பேச்சு போகலாம், உயிரும் போகலாம். சர்க்கரையும் பிரஷரும் வயசும் சேர்ந்திருப்பதால் இவருக்கு அந்த ஆபத்து அதிகம். இதுவரைக்கும் நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

பிறகு டாக்டர், "அதுக்கு ஊபாட் சாயர் டாரா குடுக்கிறோம்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். ஊபாட் என்றால் மருந்து. டாரா என்றால் ரத்தம். சாயர் என்றால் நீர்த்துப்போகச் செய்வது. யோசிக்க என்ன இருக்கிறது? சட்டென்று சொன்னேன்.

"ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்துண்ணே. தெனம் சாயந்தரம் ஒண்ணு."

அண்ணன் என்னையே பார்த்தார். "தண்ணியாவா?"

"ஆமாண்ணே, தண்ணியா. சாயர்னா அதுதான் அர்த்தம்."

அவ்வளவு பேசுகிற மனுஷன் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மரியாதையாக மாமா முறை வைத்து "புரிஞ்சதா பாக்சிக்?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். பயந்துவிட்டார், ஸ்ட்ரோக் என்றதும் யாருக்குத்தான் பயம் வராது என்று நினைத்துக்கொண்டேன். அவர் எதற்குப் பயந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த மாத்திரைக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து அதில் ஒரு எண் எழுதுவார்கள். எண் குறைந்தால் ரத்தம் சீக்கிரம் உறைகிறது, மாத்திரையைக் கூட்டுவார்கள். ஏறினால் குறைப்பார்கள். கீரையைத் திடீரென்று அதிகமாகச் சாப்பிட்டால் மருந்து வேலை செய்யாது, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று, நாங்கள் மிஸி என்று கூப்பிடுகிற நர்ஸ் சொன்னார். அதையும் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி "சரிலா, சரிலா" என்றார்.

மூன்றாவது மாதம் போனபோது மேசையில் முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு மலை. பக்கத்தில் பீட்ரூட். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணி, மிஸி என்ன சொன்னாங்க? நான் என்ன சொன்னேன்? காது குத்தினது தோடு மாட்ட மட்டுந்தானா?" என்று கத்தினேன். அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தாடையைக் காட்டினார். ஷேவ் பண்ணும்போது வெட்டிய ஒரு கீறல். "பாரு பாப்பா, காலையில வெட்டினது. எவ்ளோ நேரம் ஒழுகுச்சு தெரியுமா? தண்ணி மாதிரி ஓடுது. ஒடம்புல சத்தே இல்ல. கொஞ்சம் ரத்தம் ஊறட்டுமே." நான், "அதுக்குத்தானே மருந்து குடுக்கிறாங்க? ஒழுகத்தான் செய்யும்!" என்றேன். என்னவொரு பதில்! இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த பரிசோதனையில் எண் கீழே கிடந்தது. அதற்கு அடுத்த ரெண்டிலும் அப்படியே. டாக்டர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ரெண்டு தடவை மாத்திரையைக் கூட்டியும் ஏறவில்லையே, பாக்சிக் ஒரு நாளும் விடாமல் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"மாத்திரைய ஒரு நாளும் விடாம சாப்பிடுறீங்களான்னு கேக்குறாங்கண்ணே."

அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு போஸ்டரைப் பார்த்தார். "சாப்பிடுறேன்னு சொல்லு பாப்பா."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். கோர்ட்டில் என் வேலையைச் செய்த எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கதி இது. உண்மை சொல்கிறவன் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து "நான் பாக்கல" என்பான். பொய் சொல்கிறவன் பல சமயம் என்னைப் பார்த்து, "பாக்கலன்னு சொல்லுங்கக்கா" என்பான். பொய்யைத் தன் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு என் வாயில் திணிக்கிற வழி. நாங்கள் அதை விடமாட்டோம். "பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்கிறார்" என்று முழுசாகவே மலாயில் கொடுப்போம். மாஜிஸ்திரேட் உடனே நிமிர்ந்து உட்கார்வார். சந்தேகமாக இருந்தால் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சாட்சியிடம் கேட்கிற உரிமையும் எங்களுக்கு உண்டு. எத்தனை நூறு தடவை அப்படிக் கேட்டிருப்பேன்!

அன்றைக்கு அந்த "சொல்லு" என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. விழவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் வெளியே முப்பது பேர் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்கு முன்னால் என் அண்ணனை ஒரு பொய்யனாகக் காட்ட வெட்கமாக இருந்தது. ரயிலுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. "சாப்பிடுகிறார்" என்று மலாயில் சொன்னேன். டாக்டர் மாத்திரையை இன்னும் கூட்டி எழுதினார். திரும்பும்போது காரில் அண்ணன் வழக்கத்துக்கு அதிகமாகவே பேசினார். ஏதோ தப்பித்துவிட்ட சந்தோஷம். நானும் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அண்ணன் மேரு பாசாரில் தோசைக்கடையில் உட்கார்ந்து கடைக்காரரோடு வாயடித்துக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். தேத்தண்ணிக் கிளாஸ் கையிலிருந்து நழுவியது. கடைக்காரர் தம் காரில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார். நல்ல மனுஷர், ஆனால் ஆஸ்பத்திரிக்கு அல்லவா விட்டிருக்க வேண்டும்? அண்ணி காத்து என்று எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தார். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று நினைத்தாராம். மத்தியானம் எழுப்பியபோது வலது கை பொத்தென்று விழுந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அப்போதுதான் எனக்கு போன் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகும் அந்தக் கொமுட்டர் அன்றைக்குப் போல என்றைக்கும் ஊர்ந்ததில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடுவதைப் பார்த்து வாய்விட்டுத் திட்டிக்கொண்டு போனேன். எதிரே இருந்த பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில், கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். பிறகு ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் காட்டினார். இந்த எண் மருந்து சாப்பிடுகிற ஆளின் எண் இல்லை என்றார். மருந்தே தொடாத ஆளுக்கு இருக்கிற எண்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணியிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். எல்லாம் கொட்டினார்.

"மொத மூணு மாசம் ஒழுங்கா சாப்பிட்டாரும்மா. அப்பறம் பல்லு வெளக்குனா ரத்தம் வந்துச்சு. அப்பலேருந்து கறிவேப்பிலைத் தொட்டியில போட்டுடுவாரு. கிளினிக் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன மட்டும் ரெண்டு ரெண்டா முழுங்குவாரு, டாக்டரு ஏசக்கூடாதுன்னு."

"ஏன் என்கிட்ட சொல்லல? ஏன் அண்ணி?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு. உங்கப்பா எப்படிச் செத்தாருன்னு ஒனக்குத் தெரியாதாம்."

எனக்குத் தெரியாதுதான். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் சாகும்போது எனக்கு நாலு வயது. அண்ணனுக்குப் பதினாலு. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அண்ணன்தான் பக்கத்தில் இருந்தாராம். அப்பா வெளுத்து, ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியக் கிடந்தபோது டாக்டரின் உதவியாளரான டிரஸ்ஸர் வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரத்தமெல்லாம் தண்ணியா போச்சுடா தம்பி. இனி ஒண்ணும் செய்றதுக்கில்ல" என்று சொன்னாராம். அது என்ன நோய் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் ரத்தம் தண்ணியானால் மனுஷன் செத்துப்போவான் என்பதுதான். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவ்வளவு பேசுகிற மனுஷன்!

"நம்ம பாப்பாவுக்கு வெவரம் தெரியாது, டாக்டரு சொல்றத அப்படியே சொல்லுது, பாவம். அது மனசு நோகக்கூடாதுன்னாரும்மா" என்றார் அண்ணி.

அந்த மருந்து ரத்தத்தைத் தண்ணியாக்கவே இல்லை. அதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரத்தம் அதே ரத்தம்தான், அதே கனம்தான். கட்டிக்கொள்கிற வேகத்தை மட்டும் அது குறைக்கிறது. மலாயில் சொல்வதும் தப்பு, இங்கிலீஷில் ப்ளட் தின்னர் என்பதும் தப்பு. ஆனால் மலாய்க்காரருக்கும் வெள்ளைக்காரருக்கும் அந்தத் தப்பால் ஒன்றும் ஆகவில்லை. "ரத்தம் கட்டாம பாத்துக்குற மருந்துண்ணே." இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. இதைச் சொல்ல முப்பத்தொரு வருஷ அனுபவம்கூட வேண்டாமே, ஐயோ, சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்குமே.

ஒன்பதாவது நாள் அண்ணன் வாயைத் திறந்தார். நானும் அண்ணியும் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்றோம். உதடு ரொம்ப நேரம் தேடியது. பிறகு தெளிவாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி சொன்னார்.

"தண்ணி."

அண்ணி சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். கிளாஸை எடுக்க ஓடினார். மிஸி தடுத்துவிட்டார். தொண்டைச் சதை பலமிழந்துவிட்டதால் சாதாரணத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், கொடுக்கவே கூடாது என்றார். அதற்கு ஒரு மாவு டின் இருக்கிறது. தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கஞ்சி மாதிரி கெட்டியாகும். அதைக் கரண்டியால் ஊட்ட வேண்டும்.

அன்றிலிருந்து இந்த எட்டு மாதமாக அண்ணனுக்கு அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. பசித்தாலும் தண்ணி. கால் வலித்தாலும் தண்ணி. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணைப் பார்த்தும் தண்ணி. நான் கேட்டுக்குள் நுழைந்ததும் உள்ளேயிருந்து வருவதும் அதுதான். பாப்பா போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சீனப் பெண், சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மிஞ்சுவது உண்டு என்றாள். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வருமாம். அதற்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்பதில்லையாம். அவர் என்ன சொல்கிறார் ஆன்டி என்று அவள் முதல் நாள் கேட்டபோது, "நீர்" என்பதற்கான மலாய்ச் சொல்லைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு இப்போது மேருவிலேயே இருக்கிறேன். அண்ணிக்குத் தனியாக அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியாது. மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பொடித்து, கெட்டித் தண்ணீரில் குழைத்துக் காலையில் நான்தான் ஊட்டுகிறேன். இனி கறிவேப்பிலைத் தொட்டி வரைக்கும் அவரால் போக முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் சொல் இல்லை. மருந்து இப்போது நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபப்படுவது? டாக்டர் மேலா, அண்ணி மேலா, என்றைக்கோ செத்துப்போயிருக்கிற அந்த டிரஸ்ஸர் மேலா? சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

நேற்றுக் காலை மருந்தைக் குழைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அண்ணி பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நான் தப்பா சொல்லிட்டேன். இது ரத்தத்தத் தண்ணியாக்குற மருந்து இல்லண்ணே. ரத்தம் கட்டாம பாத்துக்குற மருந்து. அப்பாவுக்கு வந்தது வேற. நான் சொன்னதுதான் தப்பு."

அண்ணன் கரண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். நல்ல இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தண்ணி" என்றார்.

குடிக்கக் கேட்கிறாரா? மருந்துக்குப் பயப்படுகிறாரா? நீதானே சொன்னாய் என்கிறாரா? பரவாயில்லை பாப்பா என்கிறாரா? நாலுக்கும் ஒரே சொல், ஒரே குரல். அன்றைக்குக் கிளினிக்கில் நான் கேட்காமல் விட்டதை நேற்றுக் கேட்டேன்.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். பொறுமையாக, திரும்பத் திரும்ப, நான் கேட்கிறபோதெல்லாம் சொன்னார். கரண்டியிலிருந்த மருந்து காய்ந்துபோகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குப் புரியவில்லை.